லினக்ஸ திரும்பப் போடணும், ஃபைல் போகக்கூடாது: எந்த வழி தேவலாம்?

அப்டேட் பாதில புட்டுக்கிட்டு சிஸ்டம் கருப்பு ஸ்கிரீன்லயே நிக்குது, திரும்ப இன்ஸ்டால் பண்ணாதான் சரியாகும், ஆனா போட்டோலேர்ந்து ப்ராஜெக்ட் வரைக்கும் எல்லாம் ஹோம் ஃபோல்டர்ல கெடக்கு. மூணு வழி இருக்கு, மூணையும் பண்ணிப் பாத்துட்டேன்.

தனி ஹோம் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல ஹோமுக்குன்னு ஒரு தனித் துண்டு, முன்னாடியே பிரிச்சு வச்சிருந்தீங்கன்னா கொடுத்து வச்சவங்க. இன்ஸ்டாலர்ல மேனுவல் பார்ட்டிஷன்ல போய் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கிற துண்டு) மட்டும் ஃபார்மட் டிக் போட்டு, ஹோமுக்கு மவுன்ட் பாயின்ட் (அந்தத் துண்டு எந்த ஃபோல்டரா தெரியணும்ங்கிறது) மட்டும் குடுத்தா போதும். தொல்லை என்னன்னா சைஸ் மொதல்லயே முடிவு பண்ணணும், ரூட்டுக்கு 30 ஜிபி குடுத்துட்டு அப்புறம் ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆப், டாக்கர் இமேஜ்னு ரொப்பி அது மூச்சு முட்டும், பக்கத்துல ஹோம்ல 300 ஜிபி சும்மா கெடக்கும். ஃபெடோரா டெஸ்க்டாப்ல 2020ல வந்த 33லேர்ந்து பிடிஆர்எஃப்எஸ்ங்கிற (Btrfs) ஃபைல் சிஸ்டம்தான் டீஃபால்ட், ரூட்டும் ஹோமும் ஒரே பார்ட்டிஷனுக்குள்ள தனித்தனி சப்வால்யூம், ஆனா எடம் பொது, அதனால இந்தத் தலைவலி அங்க இல்ல.

பிரிக்கலையா? மின்ட் இன்ஸ்டாலர்ல அதே பார்ட்டிஷன ஃபார்மட் பண்ணாம ரூட்டா குடுக்கலாம், பழைய சிஸ்டம் ஃபோல்டர மட்டும் அழிச்சிட்டு ஹோமத் தொடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் நம்பி அடிச்சேன், போட்டோ எல்லாம் பத்திரம், ஆனா மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் இருந்தது வார் (/var) ங்கிற சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள, அது போயே போச்சு, தப்பு என்னோடதுதான். இன்னொன்னு, இந்த ரெண்டு வழிலயுமே ஹோம்ல இருக்கிற பழைய கான்ஃபிக் (செட்டிங்ஸ் ஃபைல்) அப்படியே வரும், டெஸ்க்டாப் கோளாறே அதனாலதான்னா புது சிஸ்டத்துலயும் அதே கோளாறு வந்து உக்காரும்.

மூணாவது, லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமயே ஓடுற லினக்ஸ் பென்டிரைவ்) பூட் பண்ணி எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் (rsync, காப்பி பண்ற கமாண்ட்) அடிக்கிறது. நேரம் ஆகும், போர்தான், ஆனா எனக்கு இதுதான் நிம்மதி, வேணுங்கிறத மட்டும் திரும்ப எடுத்துக்கலாம். டிஸ்க் ஃபார்மட் எக்ஸ்ட்4ஆ (லினக்ஸோட ஃபைல் சிஸ்டம்) இருக்கட்டும், ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் போகாது, எக்ஸ்ஃபேட்ல போகும் ஆனா ஓனர், பெர்மிஷன் தங்காது, வேற டிஸ்க் இல்லன்னா டார்ல (tar, எல்லாத்தையும் ஒரே ஃபைலா கட்டுறது) கட்டி வைங்க. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் காப்பி பண்ணிட்டு எஸ்எஸ்ஹெச் கீய (சர்வர்ல லாகின் பண்ற சாவி ஃபைல்) விட்டுட்டுப் பொலம்புறவங்க நெறைய பேர், பேருக்கு முன்னாடி புள்ளி வச்ச ஃபோல்டரெல்லாம் கண்ணுக்குத் தெரியாதில்ல. உபுண்டு 22.04லேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பா வர்றதால புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் ஹோமுக்குள்ள இருக்கிற ஸ்னாப் ஃபோல்டர்ல இருக்கும், அதையும் சேத்துக்கங்க.

ஹோம் தனியா இருந்தாலும் நான் மூணாவதப் பண்ணிட்டுத்தான் மொதலுக்குப் போவேன், ஒரு டிக் மாறினா முடிஞ்சுது கதை. ரெண்டாவது, காப்பி கைல இருந்தா மட்டும்.

எந்த வழினாலும் யூசர் பேர பழையபடியே குடுங்க. உபுண்டு, மின்ட்ல மொத யூசருக்கு யுஐடி (ஃபைல் யாருதுன்னு சிஸ்டம் பாக்குற நம்பர்) 1000, அடுத்தவருக்கு 1001, வீட்ல தங்கச்சிக்கும் ஒரு யூசர் இருந்து வரிசைய மாத்திப் போட்டீங்கன்னா உங்க ஃபைலுக்கு அவ ஓனர் ஆயிடுவா, அப்புறம் ஓனர மாத்துற chown கமாண்ட் அடிச்சுத்தான் மீட்கணும்.