எஸ்கே ரூட்டா, கபில் ரூட்டா?

கடலூர் பாண்டி பக்கம் ரிசப்ஷன்ல மைக் புடிக்கிற பசங்கள கேட்டா முக்காவாசி பேரு எஸ்கே, அதான் நம்ம சிவகார்த்திகேயன் மாதிரி வரணும்னு தான் சொல்லுவாங்க, அதுல தப்பே இல்ல, கலக்கப் போவது யாருல ஜெயிச்சு அதே விஜய் டிவில ஆங்கராகி 2012ல மெரினா படம், அப்படியே 2024ல அமரன் வரைக்கும் போன ஆளு. ஆனா பக்கத்துல ஹிந்தி டிவி காமெடியன் கபில் சர்மாவையும் வச்சு பாருங்க. அவரும் 2007ல டிவி காமெடி போட்டில ஜெயிச்சு தான் வெளிய தெரிஞ்சாரு.

எஸ்கேவுக்கு ஆங்கரிங் படிக்கட்டு, கபிலுக்கு அதான் வீடே.

எஸ்கே ஆங்கரா இருந்த விஜய் டிவி 'அது இது எது' ஷோல, கெஸ்ட் சிரிச்சா அவுட்டுன்னு 'சிரிச்சா போச்சு' ரவுண்ட் பாத்திருப்பீங்கல்ல, கெட்டப் போட்டு வர்றவங்க தான் காமெடி பண்ணுவாங்க, எஸ்கே ஓரமா நின்னு எந்த கெஸ்ட் சிரிப்ப அடக்க முடியாம உதட்ட கடிக்கிறாங்கன்னு பாத்து ஒரே ஒரு வரி எடுத்து விடுவாரு, ஆள் காலி. தனியா நின்னு கைத்தட்டு வாங்கி பழகுனவனுக்கு இப்படி வாய மூடிட்டு நிக்கிறது தான் பெரிய கஷ்டம், நிறைய பேரு இங்க தான் சொதப்புவாங்க. ஆனா ஒண்ணு, எஸ்கே போன பிறகு ஆங்கரா மாகாபா ஆனந்த் வந்தாரு, ஷோ பாட்டுக்கு ஓடுச்சு. நாற்காலி சேனலோடது.

கபில் கதை உல்ட்டா. 2013ல கலர்ஸ், 2016ல சோனி, 2024ல நெட்ஃபிளிக்ஸ், எங்க போனாலும் ஷோ பேர்லயே அவர் பேரு இருக்கு, அவர் இல்லாம அத நடத்தவே முடியாது. அதுக்காக அவரே எல்லாம்னு இல்ல, 2017ல கூட நடிச்ச சுனில் குரோவர் சண்டை போட்டுட்டு வெளிய போனப்ப ஆட்டம் கண்டுச்சு, அந்த வருஷமே ஷோவும் நின்னுச்சு. ஹீரோ ஆசைல எடுத்த ஃபிரங்கி படமும் அதே வருஷம் தான் ஊத்திக்கிச்சு.

எனக்கு கபில் ரூட் தான் புடிக்கும். இத சொன்னதுக்கு நம்ம ஏரியா மிமிக்ரி தம்பி ஒருத்தன், "ணா, தமிழ்ல எந்த சேனல்ணா நம்ம பேர போட்டு ஷோ குடுப்பான்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. இங்க சேனலு ஃபார்மட்ட தான் வளக்கும், ஆள இல்ல. சொந்த பேர்ல டிக்கெட் விக்கணும்னா ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ற அலெக்சாண்டர் பாபு மாதிரி மேடை தான், டிவி இல்ல.

அதனால அவனுக்கு சொன்னது, ஆங்கரிங் சான்ஸ் வந்தா போ, காசு வரும், டைமிங் வரும், ஆனா சொந்த மேட்டர விட்றாத. அவன் விஜயகாந்த் வாய்ஸ் சூப்பரா பண்றான், அத பண்ண ஊருக்கு பத்து பேரு இருக்கான். அவங்க அம்மா பெரிய மார்க்கெட்ல வஞ்சிரத்துக்கு பேரம் பேசுறத பண்ணி காட்னான் பாருங்க, அதுக்கு தான் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.