இம்ப்ளான்ட் பல்லு நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல விழுந்த சந்துதான் உயிரை எடுக்குது

புனலூர்ல இருக்குற அத்தை பையன் போன வாரம் போன் பண்ணி, "அம்மாவுக்கு கீழ கடைசி ரெண்டு கடவாப்பல்லும் எடுத்தாச்சு, இம்ப்ளான்ட் போடலாமா, நீங்க போட்டிருக்கீங்கல்ல, எப்படி இருக்கு"ன்னு கேட்டான். அந்தப் பல்லை தென்காசில ரிப்பேர் பண்ணிட்டு அப்பதான் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தேன், அதனால போன்ல ஒரு வரில பதில் சொல்ல முடியல. யோசிச்சுக்கிட்டு இருக்குற மத்தவங்களுக்கும் உதவும்னு இங்கயே எழுதிடுறேன்.

எலும்புக்குள்ள டைட்டானியம் ஸ்க்ரூ, அதுக்கு மேல சிர்கோனியாங்கிற பீங்கான் மாதிரி பொருள்ல கேப், நடுவுல எலும்பு பிடிக்கிறதுக்கு மாசக்கணக்குல காத்திருப்பு, இதெல்லாம் எல்லாரும் படிச்சிருப்பீங்க. எனக்கு கீழ இடது பக்கம் முதல் கடவாப்பல்லு. ரூட் கேனால் பண்ணின பல்லு, வேர்ல விரிசல் விட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஸ்க்ரூ போட்டது திருவனந்தபுரத்துல ஒரு தனியார் கிளினிக்ல. பயந்த அளவுக்கு வலிக்கல, பல்லு எடுத்ததுதான் அதைவிட வலிச்சது.

கடிக்கிறதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செங்கோட்டை பக்கத்துல பிரானூர் பார்டர் ஹோட்டல்ல நாட்டுக்கோழி எலும்பை அந்தப் பக்கம் தள்ளித்தான் கடிக்கிறேன், நேந்திரங்காய் சிப்ஸ், சீடை, எதுவும் பிரச்சனை இல்ல. சொத்தை விழாது, கூச்சம் கிடையாது, ஐஸ் வாட்டர் பட்டா கூட அது பாட்டுக்கு இருக்கு. ஸ்வீடன்ல பிரானமார்க்னு ஒரு டாக்டர் 1950கள்ல முயல் எலும்புக்குள்ள டைட்டானியத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு திரும்ப எடுக்கப் பாத்தப்போ வரவே இல்லையாம், எலும்போட சேந்து பிடிச்சுக்கிச்சு, அதை வச்சு 1965ல முதல் தடவையா ஒரு மனுஷனுக்கு பல்லு போட்டாங்க. அந்த பிடிப்புதான் இதோட பலம். என் பிரச்சனையும் அதே பிடிப்புலதான் ஆரம்பிக்குது.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், அதனால நம்ம பல்லெல்லாம் வாழ்நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகந்துக்கிட்டே இருக்கும், நமக்கே தெரியாது. இம்ப்ளான்டுக்கு அந்த சவ்வு கிடையாது, பாறைல அடிச்ச ஆணி மாதிரி அடிச்ச இடத்துலயே நிக்கும். அதுக்கு முன்னால உள்ள பல்லு நகந்து போகப் போக நடுவுல சந்து விழுது. போட்ட புதுசுல எனக்கு சந்தே இல்ல, ரெண்டாவது வருஷத்துல மெதுவா ஆரம்பிச்சது. முருங்கைக்காய் நார், மாம்பழ நார், ஆட்டுக்கறி, பலாச்சுளை, கடைசில இட்லிக்கு தொட்டுக்குற சட்னில உள்ள தேங்காய்த் துருவல் வரைக்கும் அங்கதான் போய் உக்காருது. இம்ப்ளான்டுல உணர்ச்சி இல்லாததால அந்தப் பக்கம் ஒன்னும் தெரியாது, ஆனா முன்னால உள்ள சொந்தப் பல்லு ஆப்பு வச்ச மாதிரி அழுத்தும், ஈறு விண்ணுன்னு தெறிக்கும், எடுக்குற வரைக்கும் பக்கத்துல யார் பேசுறாங்கன்னு காதுல ஏறாது. கல்யாண வீட்டுப் பந்தில பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போறது எவ்வளவு சங்கடம்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

போட்ட கிளினிக்ல போய் சொன்னா "நல்லா பிரஷ் பண்ணுங்க, ஃப்ளாஸ் பண்ணுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் சந்துக்குள்ள விடுற குட்டி பிரஷ் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், பிரச்சனை என் கைல இல்ல. உணவு அடைஞ்சு அடைஞ்சு முன்னால உள்ள பல்லுல சொத்தை வரும், இம்ப்ளான்டை சுத்தி ஈறு வீங்கி எலும்பு கரைய ஆரம்பிச்சாலும் வலியே தெரியாமப் போகும், அதனால "ஃப்ளாஸ் பண்ணுங்க"ன்னு சொல்லி விடுற விஷயமே இல்ல இது.

தென்காசி டாக்டர் பாத்ததும் புரிஞ்சுக்கிட்டாரு. முதல்ல கேட்டது, "எந்த கம்பெனி இம்ப்ளான்ட், கார்டு இருக்கா?" பெரும்பாலும் கம்பெனிக்கு கம்பெனி ஸ்க்ரூ டிரைவர் வேற வேற. கம்பெனியும் சைசும் எழுதியிருக்குற அந்த கார்டே எனக்கு தரல, பழைய கிளினிக்குக்கு திரும்பத் திரும்ப போன் போட்டு கம்பெனியும் சைசும் வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதுக்கு அப்புறம் வேலை சுலபமா நடந்துச்சு. கேப்புக்கு நடுவுல அடைச்சிருந்த ஃபில்லிங்கை தோண்டி எடுத்தாரு, அதுக்கு கீழ குழாய்க்கு சுத்துற அதே வெள்ளை டேப்பை சுருட்டி வச்சிருந்தாங்க, அதை ஊசியால இழுத்ததும் கப்புன்னு ஒரு நாத்தம், அப்புறம் சின்ன டிரைவரை விட்டு திருகினா பல்லு முழுசா அவரு கைல வந்துருச்சு. லேபுக்கு அனுப்பி முன்பக்கம் மட்டும் பீங்கான் கூட்டி சுட்டு வாங்குனாங்க. அதுவரைக்கும் ஈறு மூடிக்காம இருக்க ஒரு மூடி போட்டு விட்டாரு. திரும்ப மாட்டிட்டு நீலத் தாளை கடிக்கச் சொல்லி உயரம் பாத்தாரு, ஃப்ளாஸ் நூலை விட்டா "டக்"குன்னு சத்தத்தோட இறங்குது, அந்த சத்தம் கேட்டப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. சில வருஷம் கழிச்சு மறுபடி சந்து விழலாம், அப்பவும் இதே மாதிரி கூட்டிக்கலாம்னு அவரே முன்கூட்டியே சொல்லிட்டாரு. இது முடிஞ்சது என் கேப்பு ஸ்க்ரூ வச்சு மாட்டினதா இருந்ததாலதான். சிமென்ட் வச்சு ஒட்டின கேப்பா இருந்தா பெரும்பாலும் உடைச்சுத்தான் எடுக்கணும்.

நியாயமா சொல்லணும்னா திருவனந்தபுரத்துல ஸ்க்ரூ போட்ட டாக்டர் கைவேலைல குத்தம் கிடையாது. எக்ஸ்ரேல எலும்பு மட்டம் அப்படியே நிக்குதுன்னு தென்காசி டாக்டரும் பாராட்டினாரு. அவ்வளவு காசு வாங்கிட்டு, சந்து விழும், அப்ப வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, கார்டு கொடுக்கல, என் கோவமெல்லாம் அதுலதான்.

இப்ப அத்தை விஷயம். அவங்களுக்கு பிரிட்ஜ், அதாவது ரெண்டு பக்கத்துப் பல்லையும் தாங்கலா வச்சு கட்டுற பல்லு, சரியா வராது, கடைசி ரெண்டு பல்லு போனதால பின்னால தாங்குறதுக்கு பல்லே இல்ல. கழட்டி மாட்டுற செட் இல்லன்னா இம்ப்ளான்ட், ரெண்டுல ஒன்னுதான். அதுக்கு முன்னாடி சுகர் கன்ட்ரோல்ல இருக்கான்னு ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட் பாக்கணும். அதைவிட முக்கியம், எலும்பு தேய்மானத்துக்கு அத்தை வாரம் ஒரு மாத்திரை போடுறாங்க. அது அலெண்ட்ரோனேட் வகையா இருந்தா பல் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், அந்த மருந்து போடுறவங்களுக்கு அபூர்வமா தாடை எலும்பு ஆறாமப் போயிரும், ஊசியா போட்டிருந்தா இன்னும் ஜாக்கிரதை. மாத்திரையை அவங்களா நிறுத்தவும் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். அவங்க சரின்னுட்டா ரொம்ப தள்ளிப் போட வேண்டாம், பல்லு போன இடத்துல எலும்பு சுருங்கிக்கிட்டே வரும், முதல் வருஷத்துலதான் அதிகம் போகும். தாடை எலும்பை 3டில காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ஸ்க்ரூ வச்ச கேப்பாவே கேளுங்க, கார்டை கைல வாங்காம மீதிப் பணம் கொடுக்காதீங்க.

அத்தைக்கு இவ்வளவு சொல்லிட்டேன், ஆனா எனக்கு இன்னொன்னு வேண்டாம். மேல வலது பக்கமும் ஒரு கடவாப்பல்லு இல்ல. அங்க எலும்பு கம்மி, சைனஸ் லிஃப்ட் பண்ணி, அதாவது மேல்தாடைக்கு மேல உள்ள காத்தறையோட சவ்வை தூக்கி, எலும்பு வச்சுத்தான் போடணும்னு தென்காசி டாக்டர் எஸ்டிமேட்டே எழுதிக் கொடுத்தாரு. காலியா விட்டா கீழ உள்ள பல்லு மேல நீண்டு வரும்னும் விளக்கமா சொன்னாரு. அவரு சொல்றது சரிதான். முதல் பல்லு இவ்வளவு நல்லா நிக்குதே, ஏன் யோசிக்கிறீங்கன்னு கேட்டாரு, அதுவும் சரிதான். பந்தில நிம்மதியா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சே இப்பதான் கொஞ்ச நாள் ஆகுது, இன்னொரு சந்துக்கு காவல் இருக்க என்னால ஆகாது. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.