பழைய காசை (நாணயத்தை) அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கலாமா?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். போலி நிறையப் புழங்குகிற, விலை கூடிய காசு ஒன்று உங்களிடம் இருக்கிறது, அது நிஜமா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால் கிரேடிங்குக்கு அனுப்புங்கள், அதாவது காசைச் சோதித்து, அதன் நிலைக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருகிற நிறுவனத்துக்கு. மற்றதற்கு வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுவிட்டால் விலை ஏறிவிடும் என்று நினைத்து அனுப்பினால் கைக்காசுதான் போகும்.

நான் அனுப்பியது என்ஜிசி என்ற கிரேடிங் நிறுவனத்துக்கு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து சரசோட்டாவில் இருக்கிறது, 1987-ல் தொடங்கினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால் கலிஃபோர்னியாவில் வேலையைத் தொடங்கியது பிசிஜிஎஸ் என்ற இன்னொரு நிறுவனம். வேறு பெயர்களும் உண்டு, ஆனால் நாளைக்கு விற்கப் போகும்போது எதிராளி மதிக்கிறது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். இதில் எது உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்க் காசுக்கு எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பிசிஜிஎஸ் எடுத்துத் தருகிற படம் மட்டும் கொள்ளை அழகு.

மார்க் போடுவது 1 முதல் 70 வரை. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு இது. அடிமட்டக் காசு ஒரு டாலர் என்றால் உச்சத்தில் இருக்கிற அதே காசு எழுபது டாலர் போகும் என்பது அவர் வைத்த விகிதம். அந்த விலைக்கணக்கு எப்போதோ செத்துப்போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, எண்ணுக்கு முன்னால் எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்று போடுவார்கள். 58 என்றால் கொஞ்சம் கை பட்டிருக்கிறது, அது ஏயு (அபவுட் அன்சர்குலேட்டட்). காசு யாருடையது என்று மார்க் போடுகிறவர்களுக்குத் தெரியாது, ஒருவருக்கு மேல் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், அந்த முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் 63-க்கும் 64-க்கும் நடுவில் இருப்பது அபிப்பிராயம்தான். அமெரிக்காவில் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து, இன்னொரு தடவை அனுப்பி ஒரு மார்க் கூட வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் காசுகளுக்கு வருகிறேன். அனுப்பியதில் முக்கியமானது 1939 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய். சேகரிக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களிலேயே கிடைக்காத வருஷம் அதுதான். வெளியே வந்து தங்கியது மிகக் குறைவு. அடுத்த வருடம், 1940-ல், போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்கு இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை மட்டும் அதே 11.66 கிராம். அதனால் தராசில் போட்டுப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளியைச் சோதிக்கிற மெஷினில் வைத்தால் 1940-லும் பிறகும் வந்த காசைத் திருத்திய போலி மாட்டும், ஆனால் 1938 ரூபாயில் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கியிருந்தால் அந்த மெஷினும் கைவிட்டுவிடும், ஏனென்றால் அதிலும் அதே நல்ல வெள்ளிதான். கடைசி எண்ணின் கீழ்ப்பகுதியை லென்ஸில் வைத்து, அதைச் சுற்றியிருக்கிற வெற்றுப் பரப்பில் தேய்த்த தடம் இருக்கிறதா, 9-இன் வால் அதே உயரத்தில் எழும்பி நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் கண்காட்சிகளில் மேசைக்கு மேசை 1939 கிடக்கிறது, அத்தனையும் நிஜம் என்றால் அது அரிய காசே இல்லை.

என்னுடையது திரும்பி வந்தபோது லேபிளில் இருந்தது, ஏயு டீடெய்ல்ஸ், கிளீன்ட். அதாவது நிஜமான காசு, தேய்மானம் குறைவு, ஆனால் யாரோ கழுவியிருக்கிறார்கள், அதனால் எண் கிடையாது. எனக்கு இது போதும். நிஜம் என்ற ஒரு வார்த்தைக்குத்தான் பணம் கொடுத்தேன்.

இந்த ‘கிளீன்ட்’ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் வீட்டுக் காசுகளின் தலையெழுத்தே இதுதான். பீரோவிலிருந்து எடுத்த வெள்ளி ரூபாயைப் பார்த்ததும் நம் கை முதலில் தேடுவது புளியை, இல்லாவிட்டால் விபூதியை, இல்லாவிட்டால் பல்பொடியை. பாட்டி காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை பூஜையில் குங்குமம் அப்பி, அதைத் தேய்த்துக் கழுவி, திரும்ப அப்பி என்று எத்தனையோ தடவை நடந்திருக்கும். பளபளவென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருட்டறையில் ஒற்றை பல்புக்குக் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தொடாத காசில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி மேல்பரப்பில் சுற்றி வரும். கழுவிய காசில் அது சுற்றாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மினுங்கும், உற்றுப் பார்த்தால் மன்னரின் கன்னத்திலும் பின்னாலிருக்கிற வெற்றிடத்திலும் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டால் அனுப்புகிற செலவில் பாதிக்கு மேல் மிச்சம். பிசிஜிஎஸ்ஸில் இந்தக் குறைகளுக்கெல்லாம் மார்க்கோடு சேராத தனிக் குறியீட்டு எண் வைத்திருக்கிறார்கள், கழுவியது 92, அடிபட்டது 98, பிவிசி பிசின் ஒட்டியது 99.

காசுமாலையிலிருந்து பிரித்த காசு, கொக்கி பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்கும், அதுவும் எண் வாங்காது. சராப்புக் கடையில் வெள்ளியைச் சோதிக்க உளியால் போட்ட வெட்டு இருந்தாலும் அப்படியே. (எனக்கு அந்த வெட்டுகள் பிடிக்கும். காசு உண்மையாகவே கைமாறி வாழ்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அது சேதாரம், அவ்வளவுதான்.) அப்புறம் அந்த 99. கண்காட்சியில் மலிவாகக் கிடைக்கிற, வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் ஆல்பம் இருக்கிறதே, அதில் பல வருடம் கிடந்தால் காசின் மேல் பச்சையாக ஒரு பசை படியும். சுத்தமான அசிட்டோனில், தேய்க்காமல், ஊறவைத்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். கிரேடிங் நிறுவனங்களே பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்தும் தருகின்றன. ஆனால் புளி போட்டுத் தேய்த்ததைத் தேய்க்காததாக ஆக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது.

கூடவே அனுப்பிய மற்றவை, 1947-ன் புலி போட்ட நிக்கல் ரூபாய், 1969-ல் வந்த காந்தி பத்து ரூபாய் வெள்ளி. இரண்டும் நல்ல எம்எஸ் மார்க் வாங்கின, பார்க்க அழகாகவும் இருக்கின்றன, ஆனால் கணக்குப் பார்த்தால் நஷ்டம். காந்தி காசு 15 கிராம், அதில் நூற்றுக்கு எண்பது வெள்ளி, வாங்குகிறவர் வெள்ளி விலையைத்தான் முதலில் பார்க்கிறார். கிரேடிங் கட்டணம், போக வரக் கூரியர், இன்சூரன்ஸ், நமக்காக அனுப்பித் தருகிற ஏஜென்டின் கூலி எல்லாம் சேர்த்து ஒரு காசுக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. புலி ரூபாயின் விலையே அவ்வளவு இல்லை. அமெரிக்கர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, உள்ளூர்த் தபாலில் அனுப்பி வாங்கிக்கொள்கிறார்கள். நமக்குப் பாதிப் பணம் விமானத்துக்கும் சுங்கக் காகிதத்துக்கும் போகிறது, திரும்பி வருவது நம்முடைய பொருள்தான், புதிதாக வாங்கி இறக்குவது அல்ல என்று காட்ட வேண்டுமே.

ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். காசைக் கையில் வாங்கும்போது பேசிய வேகம், சமர்ப்பித்த எண்ணைக் கேட்டபோது இல்லை. அந்த எண் இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்திலேயே நம் காசு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அது கைக்கு வருவதற்குள் எத்தனை போன், எத்தனை ‘சார், நாளைக்கு அனுப்பிடறேன்’. யாரிடம் கொடுத்தாலும் காசின் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எடை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. கிரேடிங்குக்குத்தானே, திரும்பி வந்துவிடுமே என்பதெல்லாம் சுங்கத்தில் எடுபடுகிற பேச்சு இல்லை. விக்டோரியா ராணி ரூபாய், 1835 கம்பெனி ரூபாய், சோழர் செப்புக் காசு எதுவும் விமானம் ஏறக் கூடாது. நானும் அனுப்ப ஆசைப்பட்டது 1911 ரூபாயைத்தான். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கிற யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று சண்டை வந்து, திரும்ப வாங்கி உருக்கி, 1912-ல் யானையைச் சரியாக வரைந்து வெளியிட்டார்களே, அந்தப் பன்றி ரூபாய். அது பீரோவிலேயே இருக்கிறது. ‘அதெல்லாம் போயிட்டு வந்துடும் சார்’ என்று ஒரு டீலர் சொன்னார். போகலாம். மாட்டினால் பதில் சொல்லப்போவது அவரில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, வைஷ்ணோதேவி படம் போட்ட 2012 காசையும், அனுமார் படம் போட்டு 1818 என்று அடித்த அரையணாவையும் கிரேடிங் பண்ணினால் லட்சக்கணக்கில் போகுமா என்று கேட்கிறவர்கள். முதலாவது நேற்றுவரை பஸ்ஸில் சில்லறையாகக் கொடுத்தது. இரண்டாவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிக்கவே இல்லை, யாரோ பின்னாளில் அடித்து விற்ற பொம்மைக் காசு. பழைய காசு, நோட்டு வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் பிடுங்குகிறவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. அப்படியும் கேட்கிறார்கள்.

நீங்கள் அனுப்பப் போவதில்லை, ஏற்கெனவே பெட்டியில் இருப்பதை வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியை நம்ப வேண்டாம், பெட்டிக்கும் போலி இருக்கிறது. லேபிளில் இருக்கிற சான்றிதழ் எண்ணை விற்கிறவர் போனில் காட்ட வேண்டாம், உங்கள் போனில், நிறுவனத்தின் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, நிஜ எண்ணைத் திருடிப் போலி லேபிளில் அச்சிடுகிறார்கள். அங்கே படம் இருந்தால் மன்னரின் கழுத்திலும் எழுத்துக்கு நடுவிலும் இருக்கிற கீறல், கறுப்புப் புள்ளி எல்லாம் கையில் இருக்கிற காசோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். படம் இல்லை, விற்கிறவரும் அவசரப்படுத்துகிறார் என்றால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.