வழிகாட்டியோடு சுற்றுவதா, தனியாகப் பார்ப்பதா?

சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நான் வழிகாட்டிச் சுற்றுலாவைத்தான் சொல்வேன். தொண்டூழியர்கள் நடத்துவது, சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

சோழர் காலச் செப்புத் திருமேனிக்கு முன்னால் தனியாக நின்றால் முகத்தையும் நகைகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். விவரம் தெரிந்தவர் கூட இருந்தால் பீடத்தைக் காட்டுவார். அதிலுள்ள துளைகளும் வளையங்களும் உற்சவத்தில் திருமேனியைத் தண்டில் பிணைத்துத் தூக்குவதற்கானவை. அப்புறம் வார்ப்பு முறை. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

மனத்தில் இருப்பதைக் கேட்கவும் முடியும். இதே அரும்பொருளகம் 2007இல் வாங்கிய உமா பரமேஸ்வரி சிலை, அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோனது. 2015இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. தமிழ்நாட்டுக் கோயில்களோடு தொடர்புள்ள இந்தக் கதையைத் தயங்காமல் கேளுங்கள்.

தனியாகப் போவதில் ஒரு பெரிய வசதி, நேரம் நம் கையில் இருப்பது. காந்தாரச் (இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதி) சிற்பங்களில் கிரேக்கச் சாயலில் விழும் ஆடை மடிப்புகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போனால் இதுதான் சரி.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் அனுமதி இலவசம். முதலில் வழிகாட்டியோடு போங்கள், பிடித்த சிலைகளைத் தனியாக வந்து பாருங்கள்.