ரூஜ் ஃபேக்டரி டூர்: டெட்ராய்ட் பக்கம் போனா இத விட்றாதீங்க

மிச்சிகன்ல டியர்போர்ன்ல இருக்குற ஃபோர்டோட ரூஜ் ஃபேக்டரி டூர் பத்தி தான் இந்த ரிவ்யூ. டிக்கெட் எல்லாம் தி ஹென்றி ஃபோர்டு மியூசியத்துல, அங்கிருந்தே பஸ்ல கூட்டிட்டு போயிடுவாங்க.

முதல்ல பழைய ஃபிலிம் ஒண்ணு, அப்புறம் உக்காந்திருக்குற சீட் குலுங்குற, காத்து அடிக்கிற தியேட்டர், பசங்களுக்கு ரொம்ப புடிக்கும். ஆனா காசு குடுத்தது எதுக்குன்னா டிரக் பிளாண்டுக்குள்ள நடந்து போறோம் பாருங்க அதுக்கு தான். தலைக்கு மேல நடைபாதை, கீழ ஃபோர்டோட எஃப்-150 பிக்கப் டிரக் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நகந்துட்டே இருக்கு. எந்த வண்டிக்கும் கதவு இருக்காது! உள்ள ஏறி வேலை செய்ய வசதியா கழட்டி தனி லைன்ல அனுப்பிடுறாங்க, அங்க கண்ணாடி வயரிங் எல்லாம் மாட்டி கடைசில அதே வண்டிக்கே அந்த கதவு திரும்பி வந்து சேருது, இத பாத்துட்டு ரொம்ப நேரம் அந்த எடத்த விட்டு நகரவே முடியல. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க, நம்ம இஷ்டத்துக்கு நின்னு பாக்கலாம். உள்ள ஃபோட்டோ மட்டும் எடுக்க விட மாட்டாங்க.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு தெரிஞ்சுட்டு போங்க, அப்ப தான் அந்த எடத்தோட கனம் புரியும். 1913ல ஃபோர்டோட முந்தின ஃபேக்டரியான ஹைலேண்ட் பார்க்ல ஓடுற அசெம்ப்ளி லைன் வந்தப்போ ஒரு சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) சேக்க பன்னெண்டரை மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துச்சு. அதுவும் பத்தாம ஹென்றி ஃபோர்டு 1917ல ரூஜ கட்ட ஆரம்பிச்சார், ஆர்கிடெக்ட் ஆல்பர்ட் கான். ஆத்து வழியா கப்பல்ல இரும்புத்தாது வரும், ஸ்டீல், கண்ணாடி, கரண்ட் எல்லாம் உள்ளயே தயாராகும், இன்னொரு பக்கம் காரா வெளிய போகும். 1930கள்ல ஒரு லட்சம் பேருக்கு மேல வேலை பாத்த எடம்.

அவங்க பட்ட பாட்டையும் மறக்கக்கூடாது. 1937 மே 26, மில்லர் ரோடு மேம்பாலத்துல யூனியன் நோட்டீஸ் குடுக்க வந்த தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதரையும் கூட வந்தவங்களையும் கம்பெனி ஆளுங்க அடிச்சு போட்டாங்க, 1941ல தான் ஃபோர்டு கம்பெனி யூனியனோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு. மேல நின்னு பாக்குறப்போ லைன்ல இருக்குறவங்க வேகத்தையும் கைப்பழக்கத்தையும் மரியாதையோட பாருங்க, அது வேடிக்கை இல்ல, பொழப்பு.

அப்சர்வேஷன் டெக்ல இருந்து பத்து ஏக்கருக்கு மேல செடி வளத்த கூரை தெரியும், மழைத்தண்ணிய புடிச்சு வெக்கிறதுக்கு. நல்லா இருக்கு, ஆனா சீக்கிரம் பாத்துட்டு கீழ இறங்கிடுங்க. கேலரில மாடல் ஏ, மஸ்டாங்னு ரூஜ்ல பொறந்த பழைய வண்டிங்க நிக்குது.

ஒண்ணே ஒண்ணு, லைன் ஓடாத நாளும் உண்டு, அதனால புக் பண்றதுக்கு முன்னாடி அன்னிக்கு உற்பத்தி இருக்கான்னு கேட்டுக்குங்க, நின்ன லைன பாத்தா பாதி டூர் போச்சு. நேரம் இருந்தா டெட்ராய்ட் ஆர்ட் மியூசியத்துல மெக்சிகோ ஓவியர் டியகோ ரிவேரா 1932-33ல இதே ரூஜ பாத்து வரைஞ்ச சுவர் ஓவியங்களையும் பாருங்க, ஆனா ஃபேக்டரிக்கு போயிட்டு வந்த அப்புறமா. என் மார்க் 5க்கு 4.5.