கைத்துப்பாக்கிக்கு எந்த மேற்பூச்சு நீடிக்கும்? ஓர் ஒப்பீட்டு மதிப்புரை

கைத்துப்பாக்கிக்கான மேற்பூச்சுகளை விற்பவர்கள் பெரும்பாலும் கடினத்தன்மையைச் சொல்லியே விற்கிறார்கள். உறையில் செருகி உருவும்போது ஏற்படும் தேய்மானத்தைத் தாங்குவது ஒரு குணம். வியர்வையின் உப்பைத் தாங்குவது வேறொரு குணம். இரண்டிலும் ஒரே பூச்சு முதலிடம் பெறுவது அரிது. உடலோடு ஒட்டி அணியும் துப்பாக்கிக்குத் துரு எதிர்ப்பே முதலில் வேண்டும் என்று கருதுகிறேன். இந்த மதிப்பீடு அதையொட்டியே அமைகிறது.

அழகை மட்டும் பார்த்தால், எஃகைக் கருநீலமாக்கும் முறையான புளூயிங்கை மிஞ்ச எதுவும் இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிகரைசலில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் எஃகை மூழ்கவைத்தால், அதன் மேற்பரப்பு மேக்னடைட் என்னும் கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. நன்கு மெருகேற்றிய எஃகில் அது ஆழ்ந்த கருநீலமாக ஒளிரும். ஆனால் அந்தப் படலம் மிக மெல்லியது. எண்ணெய் துடைபட்டுப்போன இடத்தில் விரல்ரேகையின் வடிவத்திலேயே செம்பழுப்புத் துரு படிவதைப் பார்க்கலாம். குழல்வாயை ஒட்டிய ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) விளிம்புகளில் உறை உரசி உரசி வெள்ளை எஃகு வெளியே தெரிவதும் வழக்கம். அலுமினிய பிரேமை (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தை) இந்தத் தொட்டியில் இடவே கூடாது, காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும். அதற்கு, மின்சாரத்தின் மூலம் கடினமான ஆக்சைடு படலத்தை உருவாக்கும் ஹார்டு அனோடைசிங்தான் பொருத்தம்.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் எம்1911ஏ1 துப்பாக்கிகளில் காணப்படும் சாம்பல் நிறப் பார்க்கரைசிங், நுண்துளைகள் கொண்ட பாஸ்பேட் படலம் என்பதால் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பளபளப்பு இல்லாவிட்டாலும், புளூயிங்கைவிட நம்பகமானது. நிக்கல் முலாம் பார்வைக்குச் சிறப்பாக இருக்கும். ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் அதன் ஓரத்துக்கு அடியில் துரு பரவும். அடியில் செம்புப் படலம் இட்ட முலாமாக இருந்தால், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களே அதைக் கெடுத்துவிடும்.

ஹார்டு குரோம் என்னும் கடினமான குரோமிய மின்முலாம் தேய்மானத்தைத் தாங்குவதில் மிக வலுவானது. ஆனால் அதில் இயல்பாகவே நுண்விரிசல்கள் உண்டு; அவற்றின் வழியே ஈரம் எஃகை எட்டக்கூடும். செய்முறையில் பயன்படும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நச்சுப்பொருள் என்பதால் கட்டுப்பாடுகளும் கடுமையாக உள்ளன.

என் தேர்வு நைட்ரைடிங். இதைப் பூச்சு என்று சொல்வதுகூட முழுச் சரியில்லை. 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நைட்ரஜனும் கார்பனும் எஃகுக்குள்ளேயே ஊடுருவி அதன் தோலைக் கடினமாக்குகின்றன. ஆகவே முலாம்போல் உரிந்துபோக இதில் ஏதுமில்லை. கிளாக் நிறுவனம் 1980களிலேயே டெனிஃபர் என்ற பெயரில் இதைக் கையாண்டது. அந்தப் பழைய ஸ்லைடுகளில் மேலே தெரியும் கருமை தனிப் படலம்; அது தேய்ந்து சாம்பல் நிறம் தெரிந்தாலும் துருவிலிருந்து பாதுகாப்பு அப்படியே இருக்கும். அளவுகளும் ஏறக்குறைய மாறுவதில்லை. ஒரே குறை, அந்த வெப்பத்தில் சில வகை எஃகின் பதம் இறங்கி, அதன் உள்வலிமை குறைந்துவிடும். எனவே பழைய துப்பாக்கியை, அதன் எஃகு எதுவென்று தெரியாமல் இதற்கு அனுப்புவது புத்திசாலித்தனம் அல்ல.

அத்தகைய துப்பாக்கிக்கு செராகோட்டைப் பரிந்துரைக்கிறேன். பீங்கானும் பாலிமரும் கலந்த இந்தப் பூச்சு ஏறத்தாழ 25 மைக்ரான் தடிமனில் தெளிக்கப்பட்டு, சுமார் 120 டிகிரியில் அடுப்பில் இறுக்கப்படுகிறது. உப்புக்கு அசையாது; ஆனால் கூர்விளிம்புகளில் தேயும். எண்ணெய்ப் பிசுக்கை முழுமையாக நீக்கி, மணல் வீசிச் சொரசொரப்பாக்காமல் தெளித்தால் செதில் செதிலாக உரியும் என்பதால், பெயரைவிடத் தெளிப்பவரின் கைப்பக்குவமே இதில் முக்கியம். தடிமன் கூடுவதால் ஸ்லைடு ஓடும் தடங்களில் இறுக்கம் வராமலும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஎல்சி எனப்படும் வைரம்போன்ற கார்பன் படலம் கடினத்தன்மையில் இவை எல்லாவற்றையும் விஞ்சும், உராய்வும் மிகக் குறைவு. ஆயினும் அதன் தடிமன் சில மைக்ரான்களே என்பதால், அதிலுள்ள ஊசித்துளைகள் வழியே ஈரம் இறங்கக்கூடும். சாதாரண எஃகின்மேல் நேரடியாக இடுவதைவிட, துருவேறா எஃகின்மேலோ நைட்ரைடு செய்த எஃகின்மேலோ இடும்போதுதான் கொடுத்த பணத்துக்கு மதிப்பு கிடைக்கும்.

எதைத் தேர்ந்தாலும், வேலையை ஒப்படைக்கும் முன் இரண்டைக் கேட்டுத் தெளிவது நல்லது. மெருகேற்றும்போது வரிசை எண்ணும் முத்திரைகளும் தேயாமல் காக்கப்படுமா என்பது முதலாவது. மின்முலாம் என்றால், சுருள்வில்களைத் தனியே கழற்றி வைப்பார்களா என்பது மற்றது. முலாம் தொட்டியில் வெளிப்படும் ஹைட்ரஜன் புகுந்த சுருள்வில், பார்வைக்குப் பழுதின்றி இருந்துவிட்டுப் பின்னர் திடீரென முறியும்.