குக்கிராமத்தில் காட்டேஜ் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் போடும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்பே கிராமப்புறத்து நல்ல காட்டேஜ்கள் எல்லாம் புக் ஆகியிருக்கும். அந்த நேரம் பார்த்து பேஸ்புக் குழுவிலோ இலவச விளம்பரத்திலோ ஓர் அழகான கல்வீடு தலைகாட்டும். வாடகை, அக்கம்பக்கத்து வீடுகளில் பாதிதான். விசாரித்தால் பேச்சு உடனே வாட்ஸ்அப்புக்கு மாறும். "இன்னொரு குடும்பமும் கேட்கிறது, இன்றே பாதிப் பணம் போட்டால் உங்களுக்குத்தான்" என்பார்கள். பணம் போனதும் விளம்பரமும் போய்விடும்.

இந்த மோசடி நகரத்தை விடக் குக்கிராமத்தில் எளிதாகப் பலிக்கக் காரணம் உண்டு. அங்கே பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது, பெயர் மட்டும்தான். ஒரே போஸ்ட்கோடு ஏழெட்டு வீடுகளுக்குச் சேர்ந்திருக்கும். எனவே விளம்பரம் போட்டவர் முழு முகவரி கொடுத்தார் என்பது எதற்கும் சான்றில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து (லேக் டிஸ்ட்ரிக்ட்) வாட்டெண்ட்லத் மாதிரி ஊரை நினைத்துப் பாருங்கள்: ஆஷ்னெஸ் பாலத்தைத் தாண்டி ஒரு கார் மட்டுமே போகும் சாலை, அது அந்த ஊரோடு முடிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் இருட்டும் நேரத்தில் பெட்டியோடு நின்றால் மாற்று அறைக்குத் திரும்பவும் பக்கத்து நகரமான கெஸ்விக் வரை இறங்க வேண்டியதுதான்.

அட்வான்ஸுக்கு முன் விளம்பரத்தின் படங்களை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். விற்பனைக்கு வந்த வேறு ஊர் வீட்டின் படம் பல சமயம் அங்கேயே சிக்கும். ஸ்ட்ரீட் வியூவில் புகைபோக்கி, வாசல் கேட், கல்சுவர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீடியோ காலில் உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். "அங்கே சிக்னல் இல்லை" என்ற பதில் வரும். கிராமத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வைஃபை உள்ள வீடென்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது.

பணம் அனுப்பும்போது பெயர் பொருந்தவில்லை என்று வங்கி ஆப் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். "அது என் மனைவி கணக்கு" என்பது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளவற்றுக்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75 பாதுகாப்பு உண்டு; அதாவது, ஏமாந்தால் கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்கலாம்.

ஏற்கெனவே பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டீர்களா? வாட்ஸ்அப் உரையாடலையும் விளம்பரத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, 159-ஐ அழையுங்கள். பிரிட்டனின் பெரும்பாலான வங்கிகளுக்கு அது இணைப்புக் கொடுக்கும். 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனுக்குள் அனுப்பிய பணத்துக்கு 85,000 பவுண்டு வரை வங்கி ஈடு தர வேண்டும் என்பது விதி. அதில் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து அனுப்பிய பணத்துக்கு இந்த விதி பொருந்தாது.

ஒன்று மட்டும்: விளம்பரத்தில் சொன்ன முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டினால் திறப்பவர் உண்மையான வீட்டுக்காரர். பாவம், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.